மேல் இடது மூலை

2024ஆம் ஆண்டு ஜூன் பத்தாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, குமாரபாளையத்தை அடுத்த செங்காட்டுப்பாளையம் கிளை நூலகத்தில் பார்கோடு ஒட்டும் பணி தொடங்கியது.

நெருப்பு, சக்கரம், எழுத்து ஆகிய மூன்றும் இதற்கான முன்னேற்பாடுகளே என்று நூலகர் வசந்தாமணி உறுதியாக நம்பினார். எழுத்து இல்லாவிட்டால் புத்தகம் இல்லை. புத்தகம் இல்லாவிட்டால் லேபிளை எதன்மேல் ஒட்டுவது? இருபத்திரண்டு வருடம் வெறும் புத்தகங்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளியதை நினைத்தால் அவருக்கே கூச்சமாக இருந்தது.

மேலிடத்திலிருந்து வந்த 'ஒட்டுதல் நெறிமுறை' பதினான்கு பக்கம். சாரம் இதுதான்: எந்தப் பொருளானாலும் முகப்பில் மேல் இடது மூலையில், விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, சாயாமல் ஒரு லேபிள். உள்ளே முதல் பக்கத்தில் அதே எண்ணுள்ள இன்னொன்று. மீதிப் பக்கங்கள், இதை மீறினால் என்ன ஆகும் என்பது பற்றியவை. ஆய்வு முடியும்வரை இரவல் கிடையாது. வெளியே போன புத்தகங்கள் உடனே திரும்ப வேண்டும். வாசகர்கள் புத்தகங்களை எடுத்துப் போவதால்தான் நூலகப் பணிகள் கெடுகின்றன என்ற உண்மையை இவ்வளவு நாகரிகமாக வேறு எவரும் சொன்னதில்லை.

வசந்தாமணி அடிஸ்கேலும் கையுமாக இறங்கினார். மேல் இடது மூலையில் கவிஞர் பெயர் அச்சாகியிருந்த பதினேழு கவிதை நூல்கள் முதல் நாளே அநாமதேயமாயின. புகார் ஏதும் வரவில்லை. சுவரில் தொங்கிய தமிழ்நாட்டு வரைபடத்தில் லேபிள் கர்நாடகத்தின் மேல் விழுந்தது. அன்று முதல் காவிரி லேபிளுக்கு அடியிலிருந்து உற்பத்தியாகத் தொடங்கியது. குறுந்தகட்டில் ஒட்டினால் அது சுழலாதே என்ற ஐயம் எழுந்தது. நூலகத்தில் அதைச் சுழற்றும் கருவி இல்லாததால் ஐயம் தானாகத் தீர்ந்தது.

உலக உருண்டைதான் அவரைச் சோதித்தது. உருண்டைக்கு ஏது மூலை? எழுதிக் கேட்டார். ஒன்பதாம் நாள் பதில் வந்தது: 'பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து மேல் இடது மூலையைத் தீர்மானிக்கவும். பார்ப்பவர் நூலகராக இருக்க வேண்டும்.' வசந்தாமணி தம் நாற்காலியில் அமர்ந்து பார்த்தார். கிரீன்லாந்து போயிற்று.

கடைசியாக ஆறு பிரெய்ல் புத்தகங்கள். ஆறும் ஒரே கதையின் ஆறு பாகங்கள். ஒரு மில் முதலாளி கொலையாகும் துப்பறியும் நாவல் அது. அச்சில் ஒரு கைக்கு அடங்குவது, புள்ளி எழுத்தில் மூட்டையாக விரிந்திருந்தது. ஒவ்வோர் அட்டையிலும் பெயரும் பாக எண்ணும் புள்ளிகளாக மேல் இடது மூலையில்தான் எழும்பி நின்றன. வசந்தாமணி அவற்றைக் கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்து அமுக்கி, லேபிளை ஒட்டி, அதன்மேல் கண்ணாடி டேப்பும் போட்டார். சாயவே இல்லை.

இந்தப் புத்தகங்களுக்கு ஒரே ஒரு வாசகர். முருகானந்தம், தறிப்பட்டறையில் லுங்கி மடிப்பவர். பிறவியிலேயே பார்வை இல்லை. துணியில் ஒரு இழை விட்டுப்போயிருந்தாலும் அவர் விரல் அங்கே நின்றுவிடும். இரவில் படித்ததை மறுநாள் டீ நேரத்தில் கூட வேலை செய்யும் பதினொரு பேருக்குச் சொல்லுவார். ஐந்து பாகம் முடிந்திருந்தது. 'பணி' தொடங்கியதால் ஐந்தாவதைத் திருப்பித் தந்தவருக்கு ஆறாவது கிடைக்கவில்லை. அதில்தான் கொலைகாரன் இருந்தான்.

இரண்டு வாரம் பொறுத்துவிட்டு வந்தவர், ஆறு அட்டைகளையும் வரிசையாகத் தடவினார்.

"ஏனுங்க மேடம், ஆறுக்கும் ஒரே பேரா வெச்சுட்டீங்களாட்ட இருக்குது?"

"பேரு இல்லீங்க, அது நம்பரு. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற நம்பருங்க."

"என்ற விரலுக்கு எல்லாம் வழவழன்னு ஒண்ணாத்தானுங்க இருக்குது. உள்ள பிரிச்சுத்தான் கண்டுபுடிக்கோணும். பட்டறையில பதினொரு பேரு என்னையக் கொல்றானுங்க. ஆறாவத மட்டும் குடுங்க, நாலு நாள்ல கொண்டாந்துர்றேன்."

ஆய்வு முடியாமல் முடியாது என்றார் வசந்தாமணி. சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போலிருந்தது. உள்பக்கத்து லேபிள்கள் ஆறு இன்னும் ஒட்டாமல் இருந்தன. முருகானந்தம் அவற்றை வாங்கிப் போனார். வீட்டில் வைத்திருந்த பிரெய்ல் எழுதும் சட்டத்தில் பொருத்தி, பின்பக்கத்திலிருந்து ஊசியால் குத்தி, பெயரையும் பாக எண்ணையும் ஒவ்வொன்றிலும் எழுப்பிக் கொண்டு வந்தார். பழைய லேபிளின் மேலேயே அச்சுப் பிசகாமல் அவற்றை ஒட்டினார்கள். அதே இடம், அதே எண், இரண்டு சென்டிமீட்டர். உள்பக்கத்துக்கு வேறு ஆறு லேபிள்களை எழுதிக் கேட்டுக்கொள்ளலாம். நெறிமுறையும் கெடவில்லை, முருகானந்தமும் கெடவில்லை என்று வசந்தாமணி இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினார்.

ஜூலை இரண்டாம் தேதி ஆய்வு அலுவலர் நவநீதகிருஷ்ணன் கைக்கருவியுடன் வந்தார். நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு பொருட்கள். கருவி ஒவ்வொன்றுக்கும் கூவியது. கிரீன்லாந்துக்குக்கூடக் கூவியது. பிரெய்ல் புத்தகங்களின் முன் மௌனம் காத்தது. நவநீதகிருஷ்ணன் லேபிளைத் தடவிப் பார்த்தார்.

"என்னங்க மேடம், அம்மை போட்ட மாதிரி இருக்குது?"

வசந்தாமணி விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்; நல்ல மனிதர்.

"உங்க மேல தப்பில்லீங்க. இந்த ஆறையும் வெச்சுக்கிட்டா உங்க லைப்ரரி தொண்ணூத்தொம்போது புள்ளி எட்டு ஆறு. 'சேதமுற்றவை'ன்னு எழுதி என்கூட அனுப்பீட்டீங்கன்னா நூத்துக்கு நூறு. மாவட்டத்துல இன்னும் ஆரும் நூறு வாங்கலீங்க."

"திரும்பி வருமுங்களா?"

"சேதமானது எப்புடீங்க திரும்பி வரும்?"

வசந்தாமணி அலமாரியைப் பார்த்தார். பிறகு அறிக்கையில் 'நூறு' என்று எழுதக் காத்திருந்த கட்டத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவருக்கு யாரும் எதற்கும் நூறு போட்டதில்லை. பேனாவை வாங்கி, எழுத்து சாயாமல் கையெழுத்துப் போட்டார். ஆறு பாகங்களும் சணல் கட்டி ஜீப்பில் ஏறின.

மாலை ஐந்து மணிக்கு இரவல் மீண்டும் தொடங்கியது. முதலில் வந்தவர் முருகானந்தம். பிரெய்ல் புத்தகங்கள் இருந்த கீழ்த்தட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார்.

"எங்கீங்க மேடம்?"

"சேதமாயிருச்சுங்க. அனுப்பியாச்சு."

"எதுலீங்க சேதம்? முந்தாநேத்து தடவுனப்ப முழுசா இருந்துச்சுங்களே."

"மெஷினுக்குத் தெரியலீங்க."

முருகானந்தம் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"எனக்குத் தெரிஞ்சுதுங்களே," என்றார். "செரீங்க, வாரேன்."

செங்காட்டுப்பாளையம் கிளை நூலகம் மாவட்டத்தில் முதலிடம் பெற்றது. அன்று இரவல் போன புத்தகங்கள்: ஒன்றுமில்லை.