குறை சொல்லி வாங்கிய வண்டி

சந்தோஷத்தை மறைக்கப் பல் டாக்டருக்குத் தெரிந்த ஒரே வழி கோபப்படுவதுதான். ஆகவே அந்தக் கார் ஷெட்டில் நின்றுகொண்டு, எதிரே இருந்த சிவப்பு வண்டியைப் பரம்பரைப் பகையாளியைப் பார்ப்பதுபோல் முறைத்துக்கொண்டிருந்தார்.

"இதைப் போய் கார்னு விளம்பரம் குடுத்திருக்கீங்களேம்மா," என்றார்.

வண்டிக்குச் சொந்தக்காரரான அந்த அம்மாள் லாண்டரி நடத்துகிறவர். வண்டி அவருடைய காலமான கணவருடையது. தமக்கு ஓட்டத் தெரியாது, ஷெட்டைக் காலி செய்தால் இன்னும் இரண்டு இஸ்திரி மேஜை போடலாம் என்பதற்காக விற்கிறார். 'பழைய கார், இரண்டு கதவு, சிவப்பு' என்பதற்கு மேல் விளம்பரத்தில் ஒரு வார்த்தை இல்லை.

டாக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். ஐந்து இதழ் வைத்த வீல்கள். இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் பந்தய சீட்டுகள். எஞ்சின் மூச்சு விடுவதற்காக பானெட்டில் இரண்டு கீறல்கள். அம்மாளின் மெக்கானிக் பானெட்டைத் தூக்கியபோது, உள்ளே எஞ்சினை ஒட்டி நத்தைபோலச் சுருண்டு உட்கார்ந்திருந்தது டர்போ. வெளியே போகிற புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற சாமான் அது. இந்த மாடலில் அது வைத்து வந்த வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மெக்கானிக் வண்டியைக் கிளப்பி ஆக்சிலேட்டரை மிதித்தான். டர்போ மெல்லிசாக ஒரு விசில் அடித்தது.

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டென்று அதையும் கோபமாக மாற்றிக்கொண்டார்.

அவர் கண் கலங்கியதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் இதே மாடலில், இதே சிவப்பில், பின்பக்கம் 'டர்போ' என்று வெள்ளித் தகடு ஒட்டிய வண்டி ஒன்றை ஆசை ஆசையாக வாங்கினார். நோயாளி வாயைத் திறந்தவுடன் எது சொந்தப் பல், எது கட்டிய பல் என்று சொல்லிவிடுகிற மனிதர், பானெட்டைத் திறந்து பார்க்காமல் தகட்டை மட்டும் பார்த்து ஏமாந்துபோனார். முதல் தடவை கழுவும்போதே தகடு கையோடு வந்துவிட்டது. வந்தது யாருடைய கையோடு? மனைவியின் தம்பி கையோடு.

"அத்தான், உங்க டர்போ கழண்டு விழுந்துடுச்சு" என்று அவன் சொன்னதை அன்றைக்குத் தெருவே கேட்டது. பிறகு எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் அங்கே கேட்டது. தகட்டில் ஓட்டை போட்டுச் சாவிக்கொத்தில் கோர்த்துக்கொண்டு, சாப்பாட்டுப் பந்தியில் அதை ஆட்டி ஆட்டிக் காட்டுவான் அந்த மைத்துனன். தாங்க முடியாமல் ஒருநாள், எடுத்துக்கொண்டு போய்த் தொலை என்று அந்தப் போலி வண்டியையும் அவன் தலையிலேயே கட்டினார் டாக்டர். அவன் அதை வீட்டுப் பின்பக்கம் போர்த்தி வைத்துவிட்டு, தகட்டை மட்டும் விடவில்லை.

இந்தச் சிவப்பு வண்டி வீட்டு வாசலில் விசில் அடித்துக்கொண்டு வந்து நின்றால் அவன் வாய் அடைத்துவிடும். டாக்டருக்கு இந்த ஜென்மத்தில் வேறு வேண்டுதல் இல்லை.

ஆனால் ஆசைப்படுவது தெரிந்தால் விலை ஏறிவிடும். எனவே வீல் பார்க்கச் சகிக்கவில்லை என்றார். சீட்டில் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்றார். போனால் போகிறது, குறைத்துச் சொன்னால் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "குறையோட டெலிவரி குடுக்கிற பழக்கம் எங்க லாண்டரியில கிடையாது, டாக்டர். ஞாயித்துக்கிழமை வாங்க. கறை போயிருக்கும்."

விலையைக் குறைப்பது பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

அன்று வீட்டில் டாக்டர் தம் சாமர்த்தியத்தை மனைவியிடம் சொல்லிக் காட்டினார். தம்பி காதுக்கு இது போகவே கூடாது என்றும் உத்தரவு போட்டார். மறுநாள் கிளினிக்கில் ஒரு நோயாளியின் வாயில் இரண்டு கையும் இருந்தபோது போன் அடித்தது. நர்ஸ் அதை டாக்டரின் காதில் வைத்தாள்.

"என்ன அத்தான், ஏதோ பழைய வண்டி பாக்கிறீங்களாமே. வீல் சரியில்லையாமே?"

நாற்காலியில் இருந்தவர் 'ஆ' என்று அலறினார். டாக்டர் மாலையில் மனைவியைக் கேட்டார். அவள் கூசாமல் பதில் சொன்னாள்.

"டர்போன்னு நான் ஒரு வார்த்தை சொல்லலையே. எந்த லாண்டரிம்மா வண்டி, நீங்க என்னென்ன குறை சொன்னீங்கன்னு மட்டும்தான் சொன்னேன். அவனும் ரொம்ப அக்கறையா கேட்டுக்கிட்டான்."

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குள் நுழைந்த டாக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஐந்து இதழ் வீல்களைக் காணோம். அந்த இடத்தில் வாடகைக் கார்களுக்குப் போடுகிற தகர வீல்கள் இருந்தன. பந்தய சீட்டுகள் போய், பூப்போட்ட துணி தைத்த குஷன் சீட்டுகள் வந்திருந்தன.

"உக்காந்து பாருங்க டாக்டர் சார், சோபா மாதிரி இருக்கும்," என்றான் மெக்கானிக் பெருமையாக.

அவருக்கு வந்த கோபத்துக்கு அந்த சோபாவைப் பிய்த்து எறிந்திருக்க வேண்டும். எறிந்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் குட்டு உடைந்துவிடும். ஊருக்கெல்லாம் பல்லைக் கடிக்காதீர்கள் என்று சொல்கிறவர், பல்லைக் கடித்துக்கொண்டு பூவின் மேல் உட்கார்ந்தார். இந்த வேலைக்கான செலவு சேர்ந்து விலை ஏறியிருக்கிறது என்பதை அம்மாள் அப்போதுதான் தெரிவித்தார்.

வீலும் சீட்டும் போனால் போகட்டும், அவற்றை எங்காவது தேடிப் பிடித்துவிடலாம், டர்போ இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டார் டாக்டர். வண்டியில் இனி ஒரு குறையும் இல்லை, இப்போதே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

அம்மாள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். முகம் வண்டியைவிடச் சிவப்பாக இருந்தது.

"மனசுல ஏதோ வெச்சுக்கிட்டு மறைக்கிறீங்க. போன வாரம் அவ்வளவு குறை சொன்னவர் இப்ப ஒண்ணுமில்லன்னா நான் எப்படி நம்புறது?" என்றார். "முழுத் திருப்தி இல்லாத வாடிக்கையாளருக்கு நான் சாவி குடுக்க மாட்டேன்."

ஏதாவது ஒன்று சொல்லியே தீரவேண்டும் என்று ஆகிவிட்டது. பின்னால் சரிசெய்துகொள்ளக்கூடிய குறையாகப் பார்த்து, சிவப்பு கண்ணை உறுத்துகிறது என்று மட்டும் சொன்னார். பெயின்ட்தானே, திரும்ப அடித்துக்கொண்டால் போயிற்று.

அடுத்த ஞாயிறு வண்டி பால் வெள்ளையில் நின்றது. அதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தார். எதிர்பாராதது பானெட்.

"அந்தக் கீறல் ரெண்டுலயும் பெயின்ட் சரியா பிடிக்கல சார். அதனால கீறலே இல்லாத பானெட்டா பாத்து மாத்திட்டேன். நீங்க கேக்காமலே செஞ்சது," என்றான் மெக்கானிக்.

டாக்டர் ஷெட்டுக்கு வெளியே போய், காயப்போட்டிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே ஒரு நிமிஷம் நின்று, சத்தம் வராமல் திட்டினார். லாண்டரியைத் திட்டினார், மெக்கானிக்கின் வம்சத்தைத் திட்டினார், எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் வாயைத் திட்டினார். திரும்பி வந்து, அற்புதம் என்றார்.

அம்மாள் நம்பவில்லை. இந்த முறை முகம் கறுத்திருக்கிறது என்றார். நீங்கள் உண்மையைச் சொல்கிறவரை நான் விடப்போவதில்லை என்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

யாராலும் சரிசெய்ய முடியாத குறை ஒன்று வேண்டும். கையை வைக்கவே இடம் இல்லாத குறையாக இருக்கவேண்டும். டாக்டருக்குத் தம் நோயாளிகள் நினைவுக்கு வந்தார்கள். எங்கேயோ வலிக்கிறது டாக்டர், எந்தப் பல் என்று சொல்லத் தெரியவில்லை என்பார்கள்.

"எங்கயோ ஒரு சின்ன சத்தம் வருதும்மா. எங்கேன்னு சொல்லத் தெரியல," என்றார்.

அம்மாளின் முகம் மலர்ந்தது. கடைசியில் உண்மை வந்துவிட்டது என்ற திருப்தியோடு மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார். மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகினான்.

வீடு திரும்பும்போதுதான், அப்படிச் சொல்கிற நோயாளிகளைத் தாம் சும்மா அனுப்புவதில்லை, வாயெல்லாம் குடைந்து எதையாவது பிடுங்கித்தான் அனுப்புகிறோம் என்பது டாக்டருக்கு உறைத்தது. அந்த வாரம் பல்லைக் கடித்துக் கடித்து அவருடைய கடைவாய்ப் பல் ஒன்று விண்டுபோனது. மைத்துனன் போன் செய்து, சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நலம் விசாரிப்பதுபோல் விசாரித்தான். டாக்டர் போனைச் சுவரில் அடிக்கப் போய், அது தம்முடையது என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

கடைசி ஞாயிறு அவர் எதுவும் பேசவில்லை. முகத்தை எந்த நிறத்துக்கும் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, கேட்ட விலையைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, சாவியை வாங்கினார். பூப்போட்ட சீட்டில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். ஆக்சிலேட்டரை மிதித்தார்.

எஞ்சின் கனைத்தது. விசில் வரவில்லை.

இன்னும் அழுத்தி மிதித்தார். மாவு மில்போல ஓசை வந்தது. விசில் வரவில்லை. இறங்கி ஓடிப் பானெட்டைத் தூக்கினார். நத்தை இருந்த இடத்தில் புத்தம் புதிதாக ஒரு இரும்புக் குழாய் வளைந்து சென்றது.

"நீங்க சொன்ன சத்தத்தைக் கண்டுபிடிச்சிட்டேன் சார்," என்றான் மெக்கானிக். "நத்தை மாதிரி ஒரு சாமான் விசில் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கழட்டிட்டு அதுக்குப் பதிலா குழாய் விட்டுட்டேன். இப்ப பாருங்க, சத்தமே இல்ல."

பல் டாக்டர் வெடித்தார். இத்தனை வாரமாக விழுங்கியதெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. இது எப்பேர்ப்பட்ட வண்டி தெரியுமா, அந்த வீல் எது தெரியுமா, அந்த சீட் எது தெரியுமா, அந்த நத்தைதான் இந்த வண்டியின் உயிர் என்பது தெரியுமா என்று ஷெட் அதிரக் கத்தினார். விலையைக் குறைக்கத்தான் குறை சொன்னேன், எல்லாம் பொய், முதல் நாளே இதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது என்றும் சொன்னார். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர்கள் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார்கள்.

அம்மாளுக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அப்படியே குடுத்திருப்பேனே, டாக்டர். கேட்டதுக்குக் குறைச்சும் குடுத்திருப்பேன். எங்க வீட்டுக்காரர் வண்டி மேல ஆசைப்பட்டு ஒருத்தர் வரமாட்டாரான்னுதானே காத்துக்கிட்டிருந்தேன். நீங்க குறை குறைன்னீங்களே."

டாக்டரின் கோபம் இறங்கியது. போகட்டும், கழற்றிய பழைய சாமான்களைக் கொடுத்துவிடுங்கள், எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொள்கிறேன் என்று கெஞ்சினார்.

அம்மாள் கையைப் பிசைந்தார். அவை எதற்கும் உதவாது என்று நினைத்து, அந்தந்த வாரமே வந்து கேட்ட ஒருவருக்குக் கொடுத்துவிட்டாராம். மரியாதையான மனிதராம். முழு வண்டியையே தருகிறேன் என்றபோதுகூட, முதலில் வந்தவருக்குத்தான் வண்டி, அவர் வேண்டாம் என்று ஒதுக்குவது மட்டும் தமக்குப் போதும் என்றாராம்.

"யாரு அது?" என்றார் டாக்டர்.

மெக்கானிக் சட்டைப் பையைத் துழாவி எதையோ எடுத்து டாக்டரின் உள்ளங்கையில் வைத்தான். ஓரத்தில் ஓட்டை போட்ட, 'டர்போ' என்று எழுதிய வெள்ளித் தகடு அது.

"அவர்தான் சார் இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னார். எல்லாச் சாமானையும் மாட்டினதுல நீங்க குடுத்த போலி வண்டி நிஜ டர்போ ஆயிடுச்சாம், இனிமே இந்தத் தகடு அத்தானோட வண்டிக்குத்தான் தேவைப்படுமாம்."