வெர்னா சொன்ன பத்தொன்பது

மேப்பிள்டன், மெய்ன்
டிசம்பர் 3

அன்புள்ள டாரலினுக்கு,

பெரியம்மா தெல்மா எழுதுவது. பாங்கோரில் நீயும் உன் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே ரோலண்டின் முழங்காலையும் கோழிக் கொட்டகைக் கதவையும் தவிர எல்லாரும் நலம். கிழங்கு முழுவதும் கிடங்குக்குள் போய்விட்டது. எட்டாம் வகுப்போடு உருளைக்கிழங்கு பொறுக்கப் போனவள் நான், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். கணக்கில் பிழை இருக்காது.

விஷயம் இதுதான். போன வருடம் எனக்கும் என் தங்கைக்கும் ஆளுக்கொரு டேப்லட் வாங்கித் தந்து, மூன்று மணி நேரப் பயணம் இல்லாமலே ரெண்டு பேரும் கிரிபேஜ் சீட்டு ஆடலாம் என்று சொல்லிக்கொடுத்தாய். நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கைச்சீட்டின் கணக்கை அதுவே போடுகிறதே, அது எந்த ஊர் நியாயம்? கிரிபேஜில் சீட்டு இறக்குவது பாதி ஆட்டம்தான். கையில் இருப்பதை நாமே எண்ணி, வாய்விட்டுச் சொல்லி, பலகையில் அத்தனை துளை குச்சியை நகர்த்த வேண்டும். குறைத்து எண்ணினால், விட்டதை எதிராளி எடுத்துக்கொள்வாள். அப்படி எடுத்துக்கொண்டுதான் நான் அறுபது வருடம் ஜெயித்தேன். இந்தக் கண்ணாடித் திரையில் யாரும் எதையும் விடுவதே இல்லை. உன் அம்மா சீட்டைத் தொட்டதும் அதுவே எண்ணி, வண்ணக் காகிதம் தூவி, "அபாரம், வெர்னா" என்கிறது. எனக்கு இதுவரை ஒரு அபாரம் சொல்லவில்லை. நடுவில் பழம் உடைக்கும் விளம்பரம் வேறு. போன மாதம் பதினான்கு ஆட்டத்தில் பதினொன்று தோற்றிருக்கிறேன். கணக்கு போடுவதை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறதாம், ஆட்டத்தைத் தொடங்கி வைத்த நீதான் அதை அணைக்க முடியுமாம், ரோலண்ட் சொன்னான். அணைத்துவிடு.

பெற்ற பிள்ளை என்றாலும் அவன் பேச்சை நம்பலாமா என்றும் தெரியவில்லை. ஐம்பத்து நாலு வயசு, பகல் முழுக்க கிழங்கு வயலில் டிராக்டர் ஓட்டிவிட்டு வந்து, சாப்பிட்ட கையோடு டிவியில் ஒரு விளையாட்டைப் போட்டு அதிலும் டிராக்டர் ஓட்டுகிறான். ஏன்டா என்று கேட்டால், "இதுல மழை பெய்யாதும்மா" என்கிறான். ஒரு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கிழங்கு நன்றாகத்தான் விளைகிறது.

உன் அம்மாவுக்கு ஏன் கணக்குக் காவல் வேண்டும் என்று கேட்பாய். நீ பிறப்பதற்கு முன்னால், 1968 மார்ச் 9, விவசாயிகள் மண்டபத்தில் கடைசிப் போட்டி. பரிசு ஒரு முழு ஹாம், உப்பிட்ட பன்றித் தொடை. எனக்கு ரெண்டே துளை பாக்கி, அவளுக்கு இருபத்திநாலு. கையில் ஒரு ஜோடி இருந்தது, அதுவே போதும், ஆனால் முதலில் எண்ண வேண்டியவள் அவள். சீட்டை விரித்தாள்: ஒரு நாலு, ரெண்டு அஞ்சு, ரெண்டு ஆறு. "இருபத்திநாலு" என்று சொல்லி முடித்துவிட்டாள். இருபத்திரண்டுதான் என்றேன். கார்ல்டன், என் சொந்தப் புருஷன், எழுந்து நின்று வெர்னா சொல்வதுதான் சரி என்றார். அவருக்கு அந்த வாரம் முழுக்க ஆறிப்போன பீன்ஸ்தான் கிடைத்தது. ஹாமை என் கண் முன்னாலேயே வெட்டினாள், எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள். நான் தொடவில்லை. அதில் கிராம்பு குத்தியிருந்தது.

இனி போன வாரம் உங்கள் வீட்டில் கழிந்த நன்றி தெரிவிக்கும் நாளுக்கு வருகிறேன். நீ சமையலறையில் வான்கோழியோடு மல்லுக்கு நின்றாய். டேப்லட்டில் சார்ஜ் இல்லை. அலமாரியிலிருந்து எங்கள் அப்பா செதுக்கிய பலகையை நான் எடுத்தேன். உன் அம்மா விரித்த சீட்டு: ரெண்டு ஏழு, ஒரு எட்டு, ஒரு ராஜா, நடுவில் திறந்த சீட்டு ஒரு ரெண்டு. ஆறு வரும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அவள் "பத்தொன்பது" என்றாள்.

உனக்குத் தெரியும், கிரிபேஜில் எந்தக் கையிலும் பத்தொன்பது வராது. அதனால்தான் கையில் ஒன்றுமே இல்லாதபோது பத்தொன்பது என்று சொல்லிச் சிரிப்போம். நானும் சிரித்தேன். "ஆறு இருக்குடி உனக்கு, அதுக்குள்ள பத்தொன்பதுங்கற" என்றேன். அவள் சிரிக்கவில்லை. குச்சியை எடுத்து, ஒவ்வொரு துளையாக விரலால் தொட்டுத் தொட்டு, பத்தொன்பது நகர்த்தினாள். பதிமூன்று துளை அதிகம், டாரலின். ஏழும் எட்டும் பதினஞ்சு, அது ரெண்டு தடவை வரும் என்று எடுத்துச் சொன்னேன். "பதினஞ்சு எதுக்குக்கா?" என்று கேட்டாள். பதினஞ்சு சேர்ந்தால் ரெண்டு துளை, இந்த ஆட்டத்தில் முதலில் கற்பதே அதுதான். எனக்குக் கோபம் வந்து 1968-ஐ எடுத்தேன். மண்டபம், இருபத்திநாலு, ஹாம், எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"எந்த ஹாம்க்கா? நல்லா இருந்துச்சா?"

ஐம்பத்தாறு வருடம் நான் பத்திரமாக வைத்திருந்ததை இப்படிக் கேட்டால் நான் என்ன செய்வது? அதற்குள் நீ வான்கோழியோடு வந்துவிட்டாய். வீட்டுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். அது புதுத் தந்திரம் என்றுதான் அன்று முடிவு செய்தேன். ஆகவே பொத்தானை அணை. அவளே எண்ணட்டும், நான் பிடிக்கிறேன்.

உன் அம்மாவுக்கு என் அன்பு, முன்பு எவ்வளவோ அவ்வளவு. நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், உன் காரின் ஹீட்டரும்தான்.

உன் பெரியம்மா
தெல்மா

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டுவதற்கு முன் உறையைப் பிரித்துவிட்டேன். சாப்பாட்டு மேசையில் 1968-ல் அவள் விரித்த அந்த ஐந்து சீட்டையும் விரித்து எண்ணினேன். இருபத்திநாலுதான். 1969-லேயே ஒரு தரம் எண்ணிப் பார்த்திருக்கிறேன், அன்றைக்கும் இருபத்திநாலுதான். அவளாகப் பேச்சை எடுத்தால் ஒத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவள் எடுக்கவில்லை. இனி யாரிடம் ஒத்துக்கொள்வது?

பொத்தானைத் தொடாதே. அவளுக்காக அதுவே எண்ணட்டும், காகிதமும் தூவட்டும். இந்த வாரமே அவளை டாக்டரிடம் கூட்டிப் போ. பதினஞ்சு எதற்கு என்று கேட்டாள் என்று அவரிடம் சொல், வேறு எதையும் விட்டாலும் அதை விடாதே. கிறிஸ்துமஸுக்கு ஒரு ஹாமோடு வருகிறேன், கிராம்பு குத்தித்தான். அப்பாவின் பலகையை எடுத்து வை. அவள் பத்தொன்பது என்றால் பத்தொன்பது.