அத்தானின் மில்லுக்கு நான் வாங்கிய மோட்டார்

மோட்டார் வாங்கப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. தெரியாது என்று சொல்லிக் கேட்டு வாங்குகிறவர்கள் ஒரு வகை. தெரிந்ததுபோல் தலையை ஆட்டிவிட்டு வாங்கி வருகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகைக்குத் தென்காசி வட்டாரத்தில் ஒரு தலைவர் தேவைப்பட்டிருந்தால், ஐம்பதுகளின் கடைசியில் என்னைத்தான் போட்டியில்லாமல் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

அப்போது தென்காசியில் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கற்றது. (பிரித்ததில் பாதி திரும்பச் சேரவில்லை. அதை விடுங்கள்.) ஒரு ரேடியோவைப் பாட வைத்தவனுக்கு, கரண்டில் ஓடுகிற எல்லாமே தன் பேச்சைக் கேட்கும் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது.

அக்காவை இலஞ்சியில் கட்டிக்கொடுத்திருந்தது. அத்தானுக்கு அங்கே ஒரு சின்ன அரிசி மில். முதலாளி என்று பேர்தான். சுமை ஆட்களோடு தாமும் நெல் மூட்டையை முதுகில் ஏற்றி, பலகைப் படியில் ஏறி, மேல்தொட்டியில் கொட்டுகிற மனிதர். ஒருநாள் பாதிப் படியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, இதயம் பலவீனமாக இருக்கிறது, இனி மூட்டையைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

அத்தான் கேட்கிற ஆளா? மற்றவர்கள் சுமக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க அவருக்கு வெட்கம். அக்கா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"ஏலே, மூட்ட தானா மேல ஏறுத மாதிரி ஏதோ செயின் இருக்காம்லா. அத ஒண்ணு போட்டுக் குடுலே. யாருமே தூக்கலன்னா இவுகளும் தூக்க மாட்டாக."

சரிவான மரத்தொட்டி, அதன் நடுவே சங்கிலி, சங்கிலியில் குறுக்குச் சட்டங்கள். கீழே மூட்டையை வைத்தால் சட்டம் தள்ளிக்கொண்டு போய் மேலே சேர்த்துவிடும். தச்சரும் கொல்லரும் அதை அருமையாகச் செய்து முடித்தார்கள். அதை இழுக்க மோட்டார் பார்த்து வாங்குவது மட்டும் என் பொறுப்பு.

நான் விஞ்ஞான முறையில் இறங்கினேன். தொட்டியில் ஒரு மூட்டையை வைத்து, கயிற்றில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுக்கச் சொன்னேன். மூட்டை அசைகிற வரைக்கும் முள் எங்கேயோ உயரத்தில் நின்றது. நகர ஆரம்பித்ததும் சரசரவென்று இறங்கி ஓரிடத்தில் அடங்கியது. அடங்கின அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டேன். முதலில் துள்ளியது முள்ளின் கோளாறு என்று தீர்ப்பும் சொன்னேன். (நிற்கிறதைக் கிளப்புவது வேறு, ஓடுகிறதை ஓட்டுவது வேறு என்று அந்த முள்ளுக்குத் தெரிந்திருக்கிறது.)

திருநெல்வேலியில் மோட்டார் கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஸ்டார்ட் பண்ணும்போது லோடு இருக்குமா தம்பி, வெறுஞ்செயினா?"

கேள்வி எனக்குப் புரியவில்லை. புரியாத கேள்விக்கென்று நான் வைத்திருந்த பதிலைச் சொன்னேன்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம்."

பிறகு பலாப்பழம் வாங்குகிறவனைப்போல மோட்டாரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டேன். கடைக்காரர் சாக்குச் சுற்றிக் கொடுத்தார்.

அத்தானின் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் வெறும் இயந்திரத்தை ஓட்டக்கூடாது. நெல் வைத்து, சூடம் காட்டி, அப்புறம்தான் சுவிட்சைத் தொடலாம். பங்குனியில் நல்ல நாள் பார்த்துத் தொடங்கினோம். முதல் நாள் என்பதால் சந்தனம் பூசி, மாலை போட்டு ஒரே ஒரு மூட்டை. அது மாப்பிள்ளை மாதிரி நிதானமாக மேலே ஏறிப் போயிற்று. நானே சுமந்துபோய் வைத்ததுபோல் வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் தொட்டி முழுக்க மூட்டைகளை அடுக்கி, சூடம் காட்டி, சுவிட்சைப் போட்டோம். மனு வாங்கின தாசில்தார்போல மோட்டார் "ம்ம்ம்" என்றது. அவ்வளவுதான். ஒன்றும் நகரவில்லை. சற்று நேரத்தில் ஃபியூஸ் போயிற்று.

சுமை ஆட்களில் மூத்தவன் சுடலை. அவன் யோசித்துவிட்டு, ஆட்களைக் கூட்டிக் கீழ் மூட்டைகளுக்குத் தோள் கொடுத்துத் தள்ளினான். மோட்டார் பிடித்துக்கொண்டது. ஒரு தரம் ஓட ஆரம்பித்துவிட்டால் நன்றாகத்தான் ஓடியது.

"தம்பி, இது எங்களச் சுமக்க வந்ததா, நாங்க இதச் சுமக்கணுமா?" என்றான் சுடலை.

"சும்மா கெடலே. மனுசனுக்கே காலையில எந்திரிக்க ஒரு தள்ளு வேண்டியிருக்கு. மாப்ள வாங்கின மோட்டாருக்கு வேண்டாமா?" என்று அத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்காகத்தான் அந்தச் சிரிப்பை உண்டாக்கினார் என்று அப்போது புரியவில்லை.

வெறுஞ்செயினை ஓடவிட்டு, பிறகு மூட்டை வைத்தால் தீர்ந்தது. ஆனால் நெல் வைக்காமல் ஓட்டக்கூடாது என்ற வழக்கத்தைக் கைவிட அத்தானுக்கு மனசில்லை. விட்டிருந்தாலும், நடுவில் கரண்ட் போய்ப் போய் வந்தபோதெல்லாம் சங்கிலி மூட்டைகளோடுதான் நின்றது. தினமும் தள்ளுதான். அத்தான் ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மாப்ள, கடையில குடுத்துட்டு வேற கேப்பமா?"

"புதுசுல்லா அத்தான். ஓட ஓடப் பழகிரும்."

செருப்புக்குச் சொல்ல வேண்டியதை மோட்டாருக்குச் சொன்னேன். என் முகம் வாடக்கூடாதென்று அவர் மறுபடி கேட்கவேயில்லை.

ஆனியில் சாரல் பிடித்தது. நெல் ஈரம் வாங்கி மூட்டை கனத்தது. மரத்தொட்டி ஊறிப் பருத்தது. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலைக்கு ஆட்கள் போய்விடுவார்கள். அப்படி ஒருநாள் மில்லில் சுடலையும் இன்னொருவனும்தான். இரண்டு பேர் தள்ளி அசையவில்லை. "நீங்க நில்லுங்க அண்ணாச்சி" என்று சுடலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தான் மேல்துண்டை எடுத்து வைத்துவிட்டுத் தோளைக் கொடுத்திருக்கிறார்.

நான் சாரலில் நனைந்துகொண்டு சைக்கிளில் போய் இறங்கினபோது அவர் தொட்டியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் இரத்தமில்லை. சுடலை விசிறிக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே மூட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிப் போய்க்கொண்டிருந்தன.

"ஓடுது பாத்தியா மாப்ள," என்றார். "நீ சொன்னாப்ல பழகிட்டு."

ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். ஆடி பிறப்பதற்குள் போய்விட்டார். தள்ளியதால் வந்ததா, எப்படியும் வந்திருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

காரியம் முடிந்ததும் அந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். இந்த முறை, லோடோடுதான் கிளம்ப வேண்டும், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி வேறு மோட்டார் வாங்கினேன். மில்லில் மாட்டி, மூட்டைகளை நிறைய அடுக்கி, சுவிட்சைத் தொட்டேன். சத்தம்கூட இல்லாமல் கிளம்பியது. அது அவ்வளவு சுலபமாகக் கிளம்பியதை என்னால் நின்று பார்க்க முடியவில்லை. சுடலைதான் போய்ச் சுவிட்சை அணைத்தான்.

எங்கள் வீட்டில் எது நகராவிட்டாலும், வழியில் நின்ற காராகட்டும், இழுத்துக்கொண்டு போகிற சம்பந்தப் பேச்சாகட்டும், "மாமா மோட்டாருக்கு ஒரு தள்ளு குடுங்கப்பா" என்பார்கள். ஆரம்பித்து வைத்தவன் அக்கா மகன், அன்றைக்கு இடுப்பில் இருந்த குழந்தை. பலாப்பழம், தாசில்தார், மாலை போட்ட மூட்டை எல்லாவற்றையும் சுடலையிடமும் என்னிடமும் கேட்டுக் கேட்டு வைத்திருக்கிறான். விசேஷம் ஒன்று வந்துவிட்டால் பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லுவான். நானும் விடுபட்டதை எடுத்துக் கொடுப்பேன். அப்பாவைப் பற்றிச் சிரிக்க அவனிடம் இருப்பது அது ஒன்றுதான்.

தள்ளு வரைக்கும்தான் சொல்லுவான். போன முறை அவன் மகள் விடவில்லை.

"பெறகு என்னாச்சுப்பா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் இலையைப் பார்த்தேன். ரசம் பரிமாறிக்கொண்டு வந்த அக்கா நின்றாள்.

"பெறகு என்ன," என்றாள். "இவன் போயி வேற மோட்டாரு வாங்கியாந்தான். ஒன் அப்பனப் படிக்க வச்சது அதான்."

சொல்லிவிட்டு என் இலையில் குனிந்து, "சோத்தப் பெசையிலே, ரசம் ஓடுது," என்றாள்.