குழாயை உடைத்தது யார்?

குழாயின் திருகு கையோடு வந்துவிட்டது. தண்ணீர் மட்டும் வரவில்லை.

பெரிய சிஸ்டருக்கு வியர்த்தது. தொற்று வார்டு வாசலில் இருக்கும் இந்த வாஷ்பேசினைப் பார்ப்பதற்கென்றே சுகாதார அதிகாரி வந்துகொண்டிருந்தார். கையை எப்படித் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று பேசினுக்கு மேலே படம் போட்டு ஒட்டியிருந்தது. அந்தப் படத்தைக் காட்டி ஆஸ்பத்திரி முழுவதற்கும் வகுப்பெடுத்தவர் பெரிய சிஸ்டர்தான். 'இந்தக் கைகளைத் தூய்மையாக வை, ஆண்டவா' என்று தினமும் எல்லாரையும் நிற்க வைத்துப் பிரார்த்தனை செய்வித்தவரும் அவரே. 'முன்மாதிரி வார்டு' என்ற பலகைகூட எழுதி வந்துவிட்டது. ஆணி அடிக்க வேண்டியதுதான் பாக்கி.

"யாரு இதை உடைச்சது?"

சின்ன நர்ஸ் ஓடி வந்தாள். "ஐயோ, நான் இப்பதானே சிஸ்டர் கழுவிட்டுப் போனேன். தண்ணி நல்லா வந்துச்சே!"

பெரிய சிஸ்டர் ஒரு நொடி யோசித்தார். "நானும்தான் காலைல கழுவினேன்."

டாக்டர் எட்டிப் பார்த்தார். அவருடைய முகக்கவசம் தாடைக்குக் காவல் காத்துக்கொண்டிருந்தது. "ஒவ்வொரு பேஷண்டைப் பாத்த பிறகும் நான் இங்கதான் வரேன். இன்னிக்கு ஃபோர்ஸ் ஜாஸ்தி. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு, பாருங்க."

சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் காய்ந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை.

ஆக, சற்று முன்புவரை குழாய் நன்றாக இருந்திருக்கிறது. சாட்சி சொன்ன மூவரும் படித்தவர்கள். மிச்சமிருந்தது துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருத்திதான்.

"நீதானே உடைச்சே?"

"நான் அந்தக் குழாயைத் தொட்டதே இல்லம்மா."

பெரிய சிஸ்டர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"தொட்டதே இல்லையா! ஊரே செத்துக்கிட்டிருக்கு, நீ கையே கழுவறதில்லையா?"

"பின்பக்கம் வாளியில தண்ணி பிடிக்கிற குழாயில கழுவிக்குவேம்மா." அவள் நீட்டிய கைகள் சோப்பு பட்டுப் பட்டுத் தோலுரிந்து வெடித்திருந்தன. அதையும் யாரும் பார்க்கவில்லை. சானிடைசர் அவளுக்குக் கிடையாது. அவளுக்கென்ன, யாருக்குமே கிடையாது. உபயோகித்தால் தீர்ந்துவிடும் என்று பெரிய சிஸ்டர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

"கேட்டீங்களா டாக்டர்? இவளாலதான் எல்லாருக்கும் பரவுது. நாளையிலருந்து வேலைக்கு வராதே."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. வீட்டுக்காரர் எழுந்திரிக்க முடியாமக் கிடக்காரு. இந்த வேலையை விட்டா எங்களுக்கு நாதியில்ல."

"அதைக் குழாயை உடைக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பெரிய சிஸ்டரின் மூளை சுறுசுறுப்பானது. "பிளம்பருக்கு போன் போடு. அதுக்குள்ள ஒரு வாளித் தண்ணி எடுத்துட்டு வா. பேசின் ஈரமா இருந்தா, இப்பதான் யாரோ கழுவிட்டுப் போன மாதிரி இருக்கும்."

சின்ன நர்ஸ் வாளியைக் கவிழ்க்கவும் அதிகாரி எதிரே வந்து நிற்கவும் சரியாக இருந்தது. தண்ணீர் பேசினில் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு அடியில் மறைப்புக்கு வைத்திருந்த அட்டையைத் தள்ளிக்கொண்டு, நேராக அதிகாரியின் ஷூவுக்குள் போய்ச் சேர்ந்தது.

அதிகாரி குனிந்து பார்த்தார். "கீழே பைப்பையே காணோமே?"

பெரிய சிஸ்டருக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. "திருட்டு சார்! உடைச்சது மட்டுமில்ல, பைப்பையும் கழட்டி வித்திருக்கா!"

"நல்லாத் தெரியுமா?"

"காலைல நான் கை கழுவினப்ப இருந்துச்சு சார். சாமி சத்தியமா."

"சத்தியமா இருந்துச்சு சார்," என்றாள் சின்ன நர்ஸ்.

"சத்தியமா," என்றார் டாக்டர், ஈரச் சட்டையைத் தடவிக்கொண்டே.

சாமி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பழக்கம்.

அதிகாரி காலை உதறினார். "சத்தியமெல்லாம் எதுக்கும்மா? போன தடவை வந்தப்ப நானே இங்கதான் கழுவினேன். அருமையான வசதின்னு மேலிடத்துக்கும் சொல்லிட்டேன். போலீசைக் கூப்பிடுங்க."

அந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு துணியை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"இப்ப என்னடி பண்றே?"

"தண்ணி கெடக்குதேம்மா. பேஷண்டு யாராவது வழுக்கி விழுந்துடப் போறாங்க." அதிகாரியின் கால் அருகே வந்ததும், "கொஞ்சம் தள்ளிக்குங்க ஐயா," என்றாள்.

அன்று அந்த வாசலில் நின்றவர்களில் நோயாளிகளை நினைத்தவள் அவள் ஒருத்திதான்.

போலீசுக்கு முன்னால் பிளம்பர் வந்து சேர்ந்தார். பெரிய சிஸ்டர் வாயைத் திறப்பதற்குள் தலையைச் சொறிந்துகொண்டு முந்திக்கொண்டார்.

"திட்டாதீங்க சிஸ்டர், தப்பு என் மேலதான். இந்த நோய் ஆரம்பிச்சப்ப பேசினை மட்டும் மாட்டிட்டு, பைப் லைன் அப்புறமா வந்து குடுக்கறேன்னு போனவன், அப்படியே மறந்துட்டேன். வருஷம் திரும்பிடுச்சு, தண்ணி வரலைன்னு உங்கள்ல ஒருத்தர்கூட ஒரு போன் போடலியே!"