காணாமல் போன மேஷம்

கோளரங்கத்தின் இருட்டு மண்டபத்தில் நின்று, கையளவு விளக்கை ஆட்டி, அண்டசராசரத்தையே அதட்டி மேய்க்கும் என் அக்கா மகளுக்கு, பூமியில் மிச்சமிருக்கும் உன் மாமா எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம். யாவரும் என்றால் நானும் உன் அத்தையின் தையல் மெஷினும். மெஷினுக்கு எண்ணெய் போட்டேன், சத்தமில்லாமல் இருக்கிறது. எனக்குத்தான் போட ஆளில்லை. அங்கு சூரியன் முதலானோரின் சௌக்கியத்துக்கு எழுதவும்.

நிற்க. இது உன் இலாகாவின் மீது ஒரு புகார். நேற்று உன் அத்தையின் பிறந்தநாள். வசந்தத்தில் பிறந்தவள், மேஷ ராசி. பிறந்த தேதியைப் பார்த்துப் பத்திரிகைக்காரர்கள் போடுகிற ராசியைச் சொல்கிறேன்; சந்திரனைப் பார்த்துச் சொல்கிற ராசி வேறு, அந்த வழக்குக்கு வர எனக்கு இப்போது தெம்பில்லை. கல்யாணமான மறுநாளிலிருந்து காலைக் காப்பியோடு எனக்கு ராசிபலன் வாசித்தவள் அவள்தான். "துலாம் ராசி நேயர்களே, இன்னைக்குக் குப்பையை வெளியில கொண்டுபோய் வைக்கிற யோகம் உங்களுக்கு இருக்கு. நீலச் சட்டை ஆகாது, காலர் கிழிஞ்சிருக்கு. சாயங்காலம் மனைவியோட வாக்குவாதம், தோல்வி நிச்சயம்." எல்லாம் அச்சில் இருக்கிறது என்று நம்பி, அந்த ஜோதிடர் எங்கள் கட்டிலுக்கு அடியில்தான் குடியிருக்கிறார் என்று சந்தேகப்பட்டு, எத்தனையோ தடவை குனிந்து பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டவன் நான். அவள் போனபிறகு நானே பேப்பரைப் பிரித்தேன். 'பொறுமை தேவை. தொழிலில் முன்னேற்றம்.' அவ்வளவுதான். குப்பை இல்லை, காலர் இல்லை. ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தொழிலில் என்ன முன்னேற்றம் வரப்போகிறது? உலகத்திலேயே ஒரே ஒரு வாசகனுக்காக ஒரு தனிப் பதிப்பு வந்துகொண்டிருந்திருக்கிறது, மருமகளே. அது நின்றபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில், "இனிமே யாரு எனக்குப் படிச்சுச் சொல்லுவா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாத நேரத்தில் கேட்பதில் ஏழு கண்டத்திலும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் அழவில்லை. "என் பொறந்தநாள் சாயங்காலம் மொட்டை மாடிக்கு வாங்க. என் ராசி மேல நிக்கும்ல, அங்கருந்து சொல்றேன். தலையில ஏதாவது போட்டுக்கிட்டு வாங்க" என்றாள்.

ஆகவே நேற்றுச் சாயங்காலம் படை திரட்டிப் புறப்பட்டேன். நீ தந்த பைனாகுலர் கழுத்தில், நீ வரைந்து தந்த மேஷத்தின் படம் பையில், இரண்டு நாற்காலி கையில். இரண்டு எதற்கு என்று கேட்காதே. கீழ்த்தள பேக்கரிக்காரர், பிறந்தநாள் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, ஒரு கேக்கையும் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். நாற்காலிக் கால் லிஃப்ட் கதவில் மாட்டி, நான் இழுக்க, அவர் தள்ள, லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் மூச்சை விட்டுவிட்டது. என் கை பட்டு நின்ற லிஃப்ட் சரித்திரத்தில் இது ஒன்றுதான். "நீங்கதானே இதுக்கெல்லாம் டாக்டர்?" என்றார் அவர். "ஓய்வுபெற்ற டாக்டர்" என்றேன். ஒருவழியாகக் கதவைத் திறந்து இருவரும் எகிறிக் குதித்ததில் கேக் தோசைக்கல்லில் விழுந்த மாதிரி தட்டையானது. மாடியில் பக்கத்து வீட்டு வயலின் டீச்சரின் துணிக்கொடியில் என் பைனாகுலர் சிக்கி, அவருடைய போர்வையைப் போர்த்துக்கொண்டே நான் வானத்தின் கீழ் எழுந்தருளினேன்.

"எதைத் தேடுறோம்?" என்றார் பேக்கரிக்காரர்.

"மேஷம்."

"ஆடுதானே? அதை மொட்டை மாடியிலயா தேடுவாங்க?"

படத்தைக் காட்டினேன். பாவம், கேக் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவரும் தேடினார். இருட்டியது. ஒவ்வொன்றாக எல்லாம் வந்தன. ஊரில் உள்ள உருப்படாத நட்சத்திரம் எல்லாம் கூப்பிடாமலே வந்து பல்லைக் காட்டியது. அவளுடையது மட்டும் இல்லை. மேகம்கூட இல்லை, பழி போட. "வருவாங்க சார், இருங்க" என்றார் அவர் மெதுவாக. அந்த 'வருவாங்க'வைக் கேட்டதும் காலியாக இருந்த நாற்காலியைத் துடைத்து வைத்தேன். ஊர் ஜனத்தையெல்லாம் மேலே ஏற்றி, ஒருத்தர் பாக்கியில்லாமல் கீழே இறக்கியும் விட்டவன் நான். இவள் ஒருத்தியை இறக்க முடியவில்லை, போன இடத்திலும் காணவில்லை என்றால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அதனால்தான் உனக்கு ஃபோன் செய்தேன்.

நீ என்ன சொன்னாய்? "மாமா, மேஷ ராசின்னா அந்த நாள்ல சூரியன் அந்தப் பக்கம் இருக்குன்னுதான் கணக்கு. அந்த நட்சத்திரமெல்லாம் சூரியனை ஒட்டியே பகல்ல வந்து, அதோடயே மறைஞ்சிடும். யாருக்குமே அவங்க பொறந்தநாளன்னைக்கு அவங்க ராசி கண்ணுல படாது." அதோடு விட்டாயா? "இன்னொண்ணு மாமா. இப்பல்லாம் அத்தை பொறந்தநாளுக்கு சூரியன் மேஷத்துல இல்ல, அதை ஒட்டி மீனத்துல இருக்கு." ஆட்டைக் கேட்டவனிடம் மீனைக் கொடுக்கிறாய்! வசந்தத்தில் பகலும் இரவும் சமமாகிற நாளில் மேஷம் தொடங்குகிறது என்று பருவத்தோடு முடிச்சுப் போட்டார்களாம், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அது சரியாகவும் இருந்ததாம், பூமியோ சாயப்போகிற பம்பரம் மாதிரி தலையைச் சுற்றுகிறதாம், அந்தத் தள்ளாட்டத்தில் நட்சத்திரங்கள் ஒரு வீடு தள்ளிப் போய்விட்டனவாம், பெயர் மட்டும் பருவத்திடமே தங்கிவிட்டதாம். குடியிருந்தவர் போனபிறகும் கதவில் பெயர்ப்பலகை இருக்கிற மாதிரி. அந்தக் கடைசி வரி நீ சொன்னதில்லை. எங்கள் கதவில் இன்னும் அவள் பெயர் இருக்கிறது, அதைப் பார்த்து நானாக நினைத்துக்கொண்டது.

எனவே கேள். இன்றோடு வானத்துக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வாக்குக் கொடுத்த நாளில் வராத நட்சத்திரத்தை நான் இனி ஏறெடுத்தும் பார்ப்பதாக இல்லை. பைனாகுலரைச் சுற்றிக் கட்டிவிட்டேன், பார்சலில் வரும். விடுமுறைக்கு நீ இங்கே வந்து என்னைத் தேற்றவும் வேண்டாம். நான் கல் மாதிரி இருக்கிறேன். அம்மாவுக்கு என் அன்பைச் சொல். எல்லா ராசிகளும், இருக்கிற இடத்திலிருந்தும் இல்லாத இடத்திலிருந்தும், உன்னைக் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
வானத்தைத் தள்ளி வைத்த
உன் மாமா

பி.கு.: பார்சல் வராது, காத்திருக்காதே. இலையுதிர் காலத்தில் மேஷம் சாயங்காலமே கிழக்கில் ஏறும் என்று நீ சொன்னதை, கோபத்தில் கேட்காத மாதிரி இருந்தேன், கேட்டது. அப்போது கண்டிப்பாக வா, மூன்று நாற்காலியாகப் போட்டு வைக்கிறேன். விஷயம் இதுதான். பார்சலைத் தூக்கிக்கொண்டு மத்தியானம் தபாலாபீசுக்குக் கிளம்பினவன், தெருவில் வெயிலைப் பார்த்து நின்றுவிட்டேன். சூரியனோடு வந்து சூரியனோடு போகிறாள் என்றாயே. அப்படியென்றால் அவள் சொன்ன வார்த்தை நேற்றுத் தவறவில்லை. காலையிலேயே வந்து, நாள் முழுக்க எனக்காக மாடிக்கு மேலே நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். நான்தான் அவள் கிளம்பினபிறகு போர்வையும் நானுமாகப் போய் நின்றேன். ஒரு நாளில் ஒன்றும் பெரிதாக நகர்ந்திருக்காது என்று பட்டது. மாடி ஏறினேன். நாற்காலிகள் இரண்டும் போட்டபடியே இருந்தன. சூரியனைப் பைனாகுலரில் பார்த்தால் கண் போய்விடும் என்று நீ மிரட்டியிருப்பதால், அதைத் தொடாமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்புறம் அச்சுப் பிசகாமல் அதே குரல்: "துலாம் ராசி நேயர்களே, தலையில ஒண்ணும் போடாம இந்த வெயில்ல உக்காந்திருக்கீங்களே, உங்களுக்கு அறிவிருக்கா?"

இறங்கிப் போய், தொப்பியை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஏறினேன்.