பூக்காத வெட்சியைப் பார்க்க வர வேண்டாம்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் இருவரும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும் எங்கள் மகளும் நலமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். வரும் ஞாயிறு எங்கள் மாடிக்கு வெட்சிப்பூ பார்க்க வருவதாக இருக்கிறீர்களே, அந்தப் பயணத்தைச் சற்றே தள்ளிவைக்க இயலுமா? காரணம், பார்ப்பதற்குப் பூ இல்லை.

என் மனைவி தொலைபேசியில் சம்பந்தியம்மாவிடம், "கொத்துக் கொத்தா பூத்திருக்கு, வந்து பாருங்க" என்று சொன்னபோது நான் பக்கத்தில்தான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். புரையேறிவிட்டது. பொய் சொல்கிறவள் இல்லை அவள். என் மானத்தைக் காப்பாற்றத்தான் சொல்லியிருக்கிறாள் என்று ஊகித்து, கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாமென நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இந்தச் செடியைத் தாங்கள் எனக்குக் கொடுத்த அன்று அத்தனை பேர் நடுவில் சொன்னது காதிலேயே நிற்கிறது: "சம்பந்தி, இது வருஷம் பூரா பச்சையா நிக்கிற செடி. இதையும் நீங்க காய வெச்சீங்கன்னா உங்க கைக்கு ஒரு மாலை போடணும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கடைசியாக.

குறை என் கையில்தான் இருக்க வேண்டும், முறையில் இல்லை. நல்ல வெயில் வேண்டும் என்றீர்கள். மொட்டை மாடியில் பின்சந்துப் பக்கம், காற்றுத் துளைகள் வைத்த கைப்பிடிச் சுவரை ஒட்டிச் சிமெண்ட் தொட்டியில் நட்டேன். இலை மஞ்சளாகிவிட்டது. சுண்ணாம்புச் சத்து வெட்சிக்கு ஆகாது, மண் கொஞ்சம் புளிப்பாக இருக்க வேண்டும் என்றார் நாற்றுப்பண்ணைக்காரர். எலுமிச்சை பிழிந்த தண்ணீர் ஊற்றினேன், "செடிக்கு மட்டும்தானா, எனக்கும் ஒரு கிளாஸ் உண்டா?" என்றாள் மனைவி. டீத்தூள் சக்கையைப் போட்டேன். அதில் சர்க்கரை கலந்திருந்ததைக் கவனிக்கவில்லை. எறும்பு ஊர்வலம் கீழ்வீட்டுப் பல் டாக்டரின் நாற்காலி வரைக்கும் போனதில், அவர் நோயாளி ஒருத்தரை வாய் திறந்தபடியே உட்கார வைத்துவிட்டு மேலே ஏறி வந்தார். அப்புறம் மக்கிய இலையுரம் கலந்து, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்ட பிறகு பச்சை திரும்பி, செடி புதராகவே அடர்ந்துவிட்டது. பூதான் காணோம்.

கவாத்து செய்யவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டாம். கட்டட வரைபடப் பிரிவில் ஆயுள் முழுக்க நேர்கோடு போட்டவன் நான். ஒரு கிளை வரிசை தாண்டி நின்றால் எனக்குச் சாப்பாடு இறங்காது. வாரம் தவறாமல் நூல் கட்டி, ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்து, நூலுக்கு மேலே தலைநீட்டும் நுனிகளையெல்லாம் நறுக்கிவிடுகிறேன். நுனியில் முடிச்சு முடிச்சாக ஏதோ புடைத்துக்கொண்டு வருகிறது, அதையும் விடுவதில்லை. இப்போது செடி மேசை மாதிரி இருக்கிறது. மேலே காபி டம்ளரையே வைக்கலாம். இவ்வளவு செய்தும் ஏன் பூக்கவில்லை என்று யாரைக் கேட்பது, சொல்லுங்கள்.

ஆகவே ஒரு கொத்தாவது வரும்வரை பொறுத்தருளவும். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு வணக்கங்கள், என் மனைவியைத் தவறாக நினைக்க வேண்டாமென்று சொல்லவும்.

தங்கள் அன்புக்கு அஞ்சும்,
சம்பந்தி

பி.கு.: முன்தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்ததால், இதைத் தபாலில் சேர்க்கப் பின்சந்து வழியாகப் போனேன். பல் டாக்டர் அங்கே அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். "சார், அப்படி என்னதான் உரம் போடுறீங்க? சந்து முழுக்க உங்க பூவைப் பத்தித்தான் பேச்சு" என்றார். நானும் அண்ணாந்தேன். கிளைகள் சுவரின் துளைகளில் நுழைந்து வெளியேறி, என் கத்தரி எட்டாத பக்கத்தில் சிவப்புச் சிவப்பாக, கொத்துக் கொத்தாகப் பூத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. வீட்டுக்குத் திரும்பி, உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மனைவியைக் கேட்டேன். "சொல்லியிருந்தா ஏணி போட்டு அதையும் மட்டம் பண்ணியிருப்பீங்க" என்றாள்.

ஞாயிறு அவசியம் வாருங்கள். சந்து வழியாகவே வாருங்கள், மாடிக்கு மட்டும் ஏற வேண்டாம். மாலை கொண்டுவருவதாக இருந்தால் அந்தக் கைப்பிடிச் சுவருக்குப் போட்டுவிடுங்கள். என்னிடமிருந்து செடியைக் காப்பாற்றியது அதுதான்.