மாப்பிள்ளை வந்த ரயிலை நிறுத்தியவள்

வெட்கப்படுகிறவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை என்பார்கள். நான் வெட்கப்பட்டு ஒரு ரயிலையே நிறுத்தியிருக்கிறேன். அதுவும் என் மாப்பிள்ளை வந்த ரயிலை.

எங்கள் ஊர் கடலோரம். கிணற்றுத் தண்ணீர் உப்பு. (நிச்சயத்துக்கு வந்த மாமியார் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "கடலையே காய்ச்சிட்டியளோ?" என்றார்.) நல்ல தண்ணீர் எங்களுக்கு ரயிலில்தான் வரும். கூட்டமில்லாத அந்தப் பாதையில் ஓடியது ஒரு குட்டி நீராவி எஞ்சின். ரெண்டு விலாவிலும் தண்ணீர்த் தொட்டியை வைத்துக்கொண்டு, இடுப்பில் குடம் இடுக்கிய பொம்பளை மாதிரியே மூச்சு வாங்கி வரும். ஆற்றங்கரை ஸ்டேஷனில் நிரப்பிய தண்ணீரில்தான் கடைசி ஊர்வரை போய்த் திரும்பவும் வேண்டும். டிரைவர் அண்ணாச்சி இரக்கப்பட்டு, தொட்டிக்கு அடியிலுள்ள குழாயில் ஆளுக்கு ஒரு குடம் பிடிக்க விடுவார்.

கல்யாணத்தன்று காலை, மாமியாருக்கு நல்ல காப்பி கொடுத்தே தீருவது என்று மஞ்சள் பூசிய முகத்தோடு நானும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைசி ஆள் நான்தான். டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"ஏளா, கல்யாணப் பொண்ணா நீ? திரும்பி வரையில ஒம் மாப்பிள்ளையக் கூட்டிட்டு வாரேன்!"

அவ்வளவுதான். வெட்கம் பிடுங்கித் தின்ன, குடத்தோடு ஒரே ஓட்டம். குழாயை மூடவில்லை.

பதினோரு மணிக்குள் முகூர்த்தம். பத்து மணிக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் உப்பளத்து வரப்பில் ஓடி வந்தார்.

"ரயிலு ஒரு மைலு தள்ளியே நின்னுட்டு! யாரோ குழாயத் தெறந்து போட்டுட்டா, தண்ணியில்ல!"

"ஒரு மைலுதான அண்ணாச்சி? நடந்தே வந்திரலாமே," என்றார் அப்பா.

"அக்கா மாட்டேங்கா. மாப்பிள்ள பாதி வழியில கால மண்ணுல வச்சா அபசகுனமாம். ரயிலு நகரலன்னா கல்யாணமே வேண்டாங்கா."

எஞ்சினுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. ஊரில் இருந்த நல்ல தண்ணீரெல்லாம் என் கல்யாணச் சமையலுக்குப் பிடித்தது. சாம்பாருக்கும் பாயசத்துக்கும் போக மீதியைப் பெண்கள் தலையில் சுமந்து நடந்தோம். (ஆமாம், பட்டுச்சேலையில் நானும்தான். குற்றவாளி உட்கார்ந்திருக்க முடியுமா?)

"எவ குழாயத் தெறந்து போட்டது?" டிரைவர் கத்தினார்.

அதுவரை நாலு பேர் முன்னால் வாய் திறந்தறியாதவள் நான். "நாந்தான்" என்றேன். எஞ்சின்கூட மூச்சை அடக்கிக்கொண்டது.

மாமியார் ஜன்னல் வழியே முறைத்தார். "எதுக்குளா?"

"ஒங்களுக்கு நல்ல காப்பி போட."

"காப்பி எங்க?"

"அந்தா, எஞ்சினுக்குள்ள ஊத்துதாவ."

தொட்டி மேலிருந்து ஒரு சிரிப்பு. மாப்பிள்ளை! மண்ணில் கால் வைக்காமல், பெட்டியிலிருந்து எஞ்சினுக்குத் தாவி ஏறி, குடங்களை வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தார். வேட்டி வெள்ளை என்பதற்குச் சாட்சி இல்லை.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் தாலி ஏறியது. ஃபோட்டோவில் என் கழுத்தில் தாலி ஒன்று, கரி விரல் தடம் மூன்று. மாமியாருக்கு மறுபடியும் உப்புக் காப்பிதான். முகம் சுளிக்காமல் முழுசாகக் குடித்தார்.

இப்போது டவுனில், மில்லர்புரத்தில் குடியிருக்கிறோம்; வீட்டுக்குள்ளேயே குழாய். நான் பாத்திரம் கழுவும்போது தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக ஓடினால் போதும், உள்ளேயிருந்து அவர் குரல் வரும்:

"ஏளா, மூடிரு. ரயில்ல எவனோ ஒரு மாப்பிள்ள வந்துக்கிட்டிருப்பான்."